சந்தகை அமுக்காத கைகளுக்கு ஒரு டீச்சரின் பதில்

பதிவு நீளமானது. டீச்சர் பேச ஆரம்பித்தால் பெல் அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்று தெரிந்தவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு ஆப்சென்ட் போட மாட்டேன். ரிட்டயர்டு ஆகி வருசம் ஆச்சு.

"சந்தகை நம்ம பாரம்பரியம். நூடுல்ஸ் விஷம்." இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் நம் குடும்பத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி. அரிசியை வேக வைத்து, நூல் நூலாகப் பிழிந்து, எண்ணெயில் கடுகு, வெங்காயம் தாளித்துப் புரட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து தட்டில் வைத்தால் அதற்குப் பெயர் பாரம்பரியம். அதே அரிசியை நூலாக்கி, எண்ணெயில் பூண்டு, வெங்காயம், காய்கறி போட்டுப் புரட்டி, எலுமிச்சையைப் போன்ற ஒரு பழத்தைப் பிழிந்து ஒரு பிலிப்பைன்ஸ்காரி தட்டில் வைத்தால் அது எப்படி விஷமாகிறது? நடுவில் எந்த இடத்தில் விஷம் சேர்ந்தது? அறிவியல் பாடம் எடுத்தவள் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நாத்தனார் மகள் அபுதாபியில் நர்ஸ். போன வாரம் அவள் பையனுக்குப் பிறந்தநாள். உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் அம்மா சொல்லிக் கொடுத்தபடி வீட்டிலேயே 'பான்சிட் பிஹோன்' என்கிற அரிசி நூடுல்ஸ் செய்து, படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். தட்டு நிறைய வெள்ளை நூல், அதில் கேரட், கோஸ், பீன்ஸ், கோழி, ஓரத்தில் பழத்துண்டு. பார்க்கவே அழகாக இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வந்த பதில்கள்: "சந்தகை புழிஞ்சு குடுக்க முடியாதா கண்ணு?", "நூடுல்ஸ் குடுத்து புள்ளைய கெடுக்காத", "அவிங்க என்னத்த வேணா திம்பாங்க, நாம அப்படியா?" என்று ஆரம்பித்து, கடைசியாக ஒரு பெரியவர், "இதெல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான், சங்க காலத்துலயே நம்மகிட்ட இருந்துச்சு" என்று முத்திரை குத்தி முடித்து வைத்தார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் படத்தை அழித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் பேசமாட்டாள். பன்னிரண்டு மணி நேரம் ட்யூட்டி பார்த்துவிட்டு வந்து பையனுக்குச் சமைத்தவளுக்கு அத்தைக்காரி பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் அந்தப் பதார்த்தம் என்னவென்று தெரிந்துகொள்ளலாம். தெரியாத ஒன்றைத் திட்டுவது படிக்காமல் பரீட்சை எழுதுகிற மாதிரி.

சீனாவின் ஃபூஜியன் கரையோரத்திலிருந்து மணிலாவுக்கு வணிகம் செய்ய வந்தவர்கள் ஹொக்கியன் மொழிக்காரர்கள். மணிலாவின் பினோண்டோ என்கிற சீனர் குடியிருப்பு 1594-ல் ஏற்பட்டது; உலகத்தின் மிகப் பழைய சைனா டவுன் என்று அதைச் சொல்வார்கள். 'பிஹோன்' என்கிற சொல் ஹொக்கியனில் அரிசி மாவு நூலுக்கான பெயரிலிருந்து வந்தது. மலேசியாவில் பீஹூன், மீஹூன் என்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்தான். 'பான்சிட்' என்பதும் ஹொக்கியன்தான். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? சௌகரியமாகச் சட்டென்று சமைத்துக்கொள்ளும் உணவு. பெயரிலேயே அவசரச் சமையல் என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், கூச்சமே இல்லாமல். மணிலாவில் சுருட்டுத் தொழிற்சாலைகள் இருந்த காலத்தில், வேலைக்குப் போய் வந்து அடுப்பு மூட்ட நேரமில்லாத பெண்களுக்கு இந்த நூடுல்ஸ் கடைக்காரர்கள்தான் சோறு போட்டவர்கள். மில் ஊர்க்காரர்களான நமக்கு இது புரியாதா? 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடிய ஊர் இது. ஷிப்டு முடிந்து வந்து சாமான் கழுவிய பெண்கள் இல்லாத தெரு இந்த மேட்டுப்பாளையம் ரோட்டில் எது?

அப்படி அவசரத்துக்குப் பிறந்த உணவுதான் அங்கே பிறந்தநாளுக்கும் கட்டாயம். நூல் நீளமாக இருந்தால் ஆயுசு நீளம் என்று நம்பிக்கை. அதனால் அன்றைக்கு நூலை வெட்டமாட்டார்கள். பிறந்தநாளைக்கு நாம் பாயசம் வைப்பது போல. அந்த அம்மா நம் பையனுக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்ததைத்தான் நம் குழு 'விஷம்' என்றது.

சரி, விஷம் கதைக்கு வருவோம். எதைப் பார்த்து இந்தப் பயம்? 1958-ல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ என்பவர் கண்டுபிடித்த உடனடி நூடுல்ஸ், அதாவது கோதுமை மாவை நூலாக்கி எண்ணெயில் பொரித்துக் காயவைத்த கட்டி. 1983-ல் மேகியாக நம் நாட்டுக்கு வந்தது. நம்மிடம் விற்கிற மசாலா நூடுல்ஸ் மைதாவில் செய்தது. 2015-ல் காரீயம் பற்றிய சர்ச்சையில் தடை விதித்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நவம்பரில் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டது. அந்தச் செய்தி நம் பெரியவர்கள் மண்டையில் 'நூடுல்ஸ் = விஷம்' என்று பதிந்துவிட்டது. அரிசி நூடுல்ஸில் மைதா இல்லை. எண்ணெயில் பொரிப்பதும் இல்லை. பிஹோன் என்று விற்பதில் சோள மாவு சேர்த்ததும் உண்டு, அட்டையைப் படித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கோதுமை நூலென்றால்தான் ஆகாது என்பீர்களானால், சேமியா என்ன? ரவா மாதிரி மரத்தில் காய்ப்பதா? கோதுமை மாவை நூலாகப் பிழிந்து காயவைத்தது. அதில் உப்புமா கிண்டினால் டிபன், பால் ஊற்றினால் பாயசம், சாமிக்கே படைக்கிறோம். 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சேமியா உப்புமாவும் உண்டு. நான் படித்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு அப்போது இது இல்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஏக்கம். காலையில் வெறும் வயிற்றோடு பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவள் நான். சேமியாவை யாரும் இதுவரைக்கும் 'நூடுல்ஸ்' என்று திட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலமானால் தள்ளுவண்டிக்குப் போய் நம் ஊர் ஸ்பெஷல் 'காளான்' தின்றுவிட்டு வருகிறீர்களே, அதில் காளானைவிட கோஸும் மைதாவும்தான் அதிகம் என்பது சட்டியைக் கிளறுகிறவருக்கும் தெரியும், தின்கிற உங்களுக்கும் தெரியும். அதைத் தின்ற கையோடு வந்து குழுவில் மைதாவைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள். நடத்துங்கள், நானும் பாடம் நடத்தியவள்தான்.

உடம்புக் கணக்கை நேர்மையாகச் சொல்லிவிடுவது என் கடமை. அரிசி நூடுல்ஸும் சந்தகையும் இரண்டுமே அரிசிதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சந்தகையில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, 'ஆவியில் வெந்தது, ஒன்னும் பண்ணாது' என்று சொல்கிற மச்சான்மார்கள் அடுத்த வாரம் லேபில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பான்சிட்டில் குறை சொல்ல வேண்டுமென்றால் சோயா சாஸைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மேசைக் கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பிரஷர் உள்ளவர்கள் சாஸைக் குறைத்து, தனியாக உப்பே போடாமல் செய்யவேண்டும். இதைச் சொல்லியிருந்தால் அது அக்கறை. 'விஷம்' என்பது அக்கறை அல்ல.

அடுத்து, 'நம்மகிட்ட இருந்து போனது'. இந்தப் பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால் இன்னும் கொஞ்சம் விளக்கமாகவே மறுக்கிறேன்.

இடியாப்பம் பழையது, சந்தகை பழையது. நமக்குள்ளேயே எத்தனை விதம் பாருங்கள். இடியாப்பத்துக்கு மாவைப் பிசைந்து, பிழிந்து, அப்புறம் வேகவைப்போம். சந்தகைக்கு அரிசியை ஆட்டி, முதலில் வேகவைத்து, அப்புறம் சூட்டோடு பிழிவோம். வரிசை தலைகீழ், அதனால்தான் சந்தகைக்கு அந்த வழுவழுப்பு. குடகிலும் கேரளத்திலும் நூல்புட்டு, கர்நாடகத்தில் சாவிகே, யாழ்ப்பாணத்தில் இடியப்பம். நம் ஆட்கள் கப்பலேறிப் போன மலேசியாவில் இடியாப்பம் 'புத்து மாயாம்' என்று பெயர் மாறித் தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு இன்றைக்கும் விற்கிறது. இது நம்மிடமிருந்து போனது, சந்தேகமில்லை. ஆனால் அதே மலேசியாவில் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களின் மாமாக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக மீஹூன் கோரெங் வறுக்கிறார்களே, அந்த நூல் சீனர்களிடமிருந்து வாங்கியது. பக்கத்துப் பக்கத்துக் கடை, ஒன்று கொடுத்தது, ஒன்று வாங்கியது. பினாங்கில் நம் ஆள் சீன நூலை மிளகாய் போட்டு வறுத்தபோது தமிழ் அழிந்துவிடவில்லை.

பிஹோனுக்குச் சொல்லே சாட்சி இருக்கிறது, அது ஃபூஜியனிலிருந்து போனது. சீனாவில் சிங்ஹாய் மாகாணத்தில் லாஜியா என்கிற இடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண்சட்டிக்குள் சுமார் 4000 வருசத்துக்கு முந்தைய நூடுல்ஸ் கிடைத்ததாக 2005-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எதில் செய்தது என்று நினைக்கிறீர்கள்? தினையிலும் பனிவரகிலும். இதற்கப்புறம் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரு சண்டை: கோதுமை மாவை இழுத்து நீட்டலாம், தினை மாவை நீட்ட முடியாதே, எப்படி நூலாக்கினார்கள் என்று. வெந்த மாவை ஒரு கருவியில் வைத்து அமுக்கியிருக்கலாம் என்று ஒரு சாரார் செய்தே பார்த்தார்கள். அவர்கள் துடியலூர்ப் பக்கம் வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் காட்டிக் கொடுத்திருப்போம்! மாவில் பசை இல்லாத ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கலாம். அதில் யார் யாரிடம் திருடினார்கள் என்று வழக்குப் போட என்ன இருக்கிறது? சந்தகையின் பெருமைக்கு இன்னொரு நாட்டுக்காரியைத் திருடியாக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சுத்தமான பாரம்பரியம்தான் வேண்டும் என்றால், நீங்கள் சந்தகையில் போடும் கேரட்டையும் பீன்ஸையும் எடுத்து வெளியே வையுங்கள். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் ஊட்டி மலையில் வெள்ளைக்காரன் நட்ட காய்கறிகளைத்தான் நம் ஆட்கள் வெகுகாலம் 'இங்கிலீஷ் காய்' என்றார்கள். இன்றைக்கு மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து லாரி லாரியாக நம் வாசல் வழியாகத்தான் போகிறது. தாளிக்கிற மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. தக்காளிச் சந்தகைக்குத் தக்காளியும் அப்படியே.

இதுவரைக்கும் சொன்னது பூகோளமும் சரித்திரமும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 'சந்தகை புழிஞ்சு குடுக்க முடியாதா கண்ணு' என்ற அந்தக் கேள்வியில்தான். கேட்டவர் ஆண். அவர் வாழ்க்கையில் ஒரு ஈடு சந்தகை அமுக்கி நான் பார்த்ததில்லை.

சந்தகை எப்படி வரும் என்று தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புழுங்கலரிசியை ஊறப்போட்டு, தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெய் மாதிரி ஆட்ட வேண்டும். இட்லி மாதிரி ஊற்றி நன்றாக வேகவைக்க வேண்டும். வெந்ததும் சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் வைத்து அமுக்க வேண்டும். ஆறிவிட்டால் கல், கை பிடி நகராது. எங்கள் ஊரில் பழைய வீடுகளில் அந்த மரம் ஒரு ஆள் கனம் இருக்கும். பின்னால் முக்காலி போல இரும்பில் வந்தது, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒருத்தர் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க, ஒருத்தர் போட, ஒருத்தர் அமுக்க, ஒருத்தர் கீழே தட்டை நகர்த்தி நூலை வாங்க. இதற்கிடையில் தேங்காய் துருவிப் பாலெடுக்க ஒருத்தர், எள்ளும் வெல்லமும் இடிக்க ஒருத்தர். எங்கள் வீட்டில் ஆத்தா ஆட்டுவார், அம்மா வேகவைப்பார், அமுக்குவது அப்பாரும் பெரியப்பாவும். ஆமாம், ஆண்கள்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழு எடையையும் போட்டு அமுக்குவார்கள், நாங்கள் பொடிசுகள் நூல் விழுவதை வேடிக்கை பார்ப்போம். புது மாப்பிள்ளை விருந்துக்கு, ஒறம்பரை வந்தால், நோன்பு நொடிக்கு என்று வருசத்தில் சில நாள். தினமும் இல்லை.

எட்டுக் கை சேர்ந்து செய்த வேலை அது. இன்றைக்கு அபுதாபியில் ஒரு பிளாட்டில் இருப்பது இரண்டு கை. புருசன் வேறு ஷிப்டு. ஆத்தா இல்லை, அப்பாரு இல்லை, சந்தகை மரமும் இல்லை. கூட்டுக் குடும்பத்தைக் கலைத்துவிட்டு, கூட்டுக் குடும்பத்தின் சமையலை மட்டும் ஒரு பெண்ணின் தலையில் வைத்து, 'முடியாதா கண்ணு' என்றால் எப்படி? பாரம்பரியத்தில் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். ருசி ஞாபகமிருக்கிறது, அப்பாரு அமுக்கியது மறந்துவிட்டது. சந்தகை வேண்டும் என்கிறவர்கள் தாராளமாக வாருங்கள். என் வீட்டுப் பரணில் முக்காலி இருக்கிறது. அரிசியை நான் ஊறப்போட்டு ஆட்டி வைக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பத்துப் பேருக்கு அமுக்கிவிட்டு, சாமானையும் கழுவிவிட்டுப் போங்கள். சந்தகை அச்சின் ஓட்டையில் காய்ந்த மாவை ஈர்க்குச்சி வைத்து நோண்டுவது தனிக் கலை, அதையும் கற்றுத் தருகிறேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.

ஒன்றை நாம் மறக்கக்கூடாது. பெண்களின் தோளிலிருந்து ஆட்டுக்கல்லை இறக்கிய ஊர் கோயமுத்தூர். 1955-ல் இங்கே சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை முதன்முதலில் செய்தார். 1963-ல் துரைசாமி என்பவர் சாய்த்து ஊற்றுகிற டில்டிங் கிரைண்டரைக் கொண்டு வந்தார். ஊத்துக்குளிக் கல்லும் நம் பட்டறைக்காரர்கள் கைத்திறனும் சேர்ந்து, இன்றைக்கு 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். அப்போதும் "கிரைண்டர்ல ஆட்டுனா ருசி வராது" என்றவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். கிரைண்டர் வந்ததால்தான் காலையில் ஆட்டுக்கல்லில் செலவான ஒன்றரை மணி நேரம் எனக்கு மிஞ்சியது, அந்த நேரத்தில்தான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்துக்குப் படித்தேன். உங்களில் பல பேருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவளின் சர்டிபிகேட்டில் ஒரு கிரைண்டருக்கும் பங்கு உண்டு. கிரைண்டர் மாவு இட்லியைப் பாரம்பரியம் என்று ஒத்துக்கொண்டவர்களுக்கு, பாக்கெட் சேவையும் அரிசி நூடுல்ஸும் மட்டும் எதற்குத் தொண்டையில் சிக்குகிறது?

இனி அந்த மூன்றாவது பேச்சு. 'அவிங்க என்னத்த வேணா திம்பாங்க.' இதை எழுதியவர் என்னிடம் படித்தவர் அல்ல, அந்த மட்டில் நிம்மதி.

முப்பது வருசத்துக்கு மேல் மத்தியான பெல்லுக்குப் பிறகு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். டிபன் பாக்ஸ் மூடியை முழுசாகத் திறக்காமல், பாதி மூடியபடியே கை விட்டு எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது பழைய சோறாக இருக்கும், ராகிக் களியாக இருக்கும், கருவாடாக இருக்கும், மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிற வேறு ஏதோ கறியாக இருக்கும். 'உங்க ஊட்ல இதெல்லாம் திம்பீங்களா?' என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை சாப்பாடே கொண்டு வராது, குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு விளையாடுகிற மாதிரி நடிக்கும். நம் ஊரில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, யார் வீட்டில் குடிக்கக் கூடாது என்பதில் போய் முடியும். இன்றைக்கு பிலிப்பைன்ஸ்காரியின் தட்டைப் பார்த்துச் சொல்கிற வாய், நேற்று பக்கத்துத் தெருவின் தட்டைப் பார்த்துச் சொன்ன அதே வாய்தான். ஆளும் தூரமும்தான் மாறியிருக்கிறது.

நம் துடியலூரில் சாமிக்கே விருந்தீஸ்வரர் என்று பெயர். பசியோடு வந்த சுந்தரருக்குச் சிவனும் அம்பாளும் வேடர் வேடத்தில் வந்து விருந்து வைத்தார்கள் என்பது தலபுராணக் கதை. சுந்தரர் 'வேடர் வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்' என்று சொன்னதாகக் கதையில் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டார். பிரதோஷத்துக்குத் தவறாமல் போகிறவர்கள் இதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறீர்கள்?

அந்த பிலிப்பைன்ஸ் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெண் முதன்முதலில் அந்த ஊரில் போய் இறங்கி, காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். அவர்கள் ஊரில் அதற்கு 'லுகாவ்' என்று பெயர், இஞ்சி தட்டிப் போட்ட அரிசிக் கஞ்சி. நாம் யாரும் அங்கே இல்லை. நாம் 'கெட் வெல் சூன்' என்று பூப்படம் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

திட்டியது போதும். எப்படிச் செய்வதென்று எழுதாமல் விட்டால் என் பதிவுக்கு மதிப்பெண் கிடையாது. அவளிடம் கேட்டு, இரண்டு முறை நானே செய்து பார்த்து எழுதுகிறேன். நாலு பேருக்கு.

கடையில் மெல்லிய அரிசி நூடுல்ஸ், ரைஸ் வெர்மிசெல்லி என்று கேளுங்கள். 200 கிராம் போதும். சாதாரணத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். வேகவைக்காதீர்கள். எல்லாரும் கெடுப்பது இந்த இடத்தில்தான், தனியாக வேகவைத்து வடித்தால் அப்புறம் சட்டியில் கூழாகிவிடும். எலும்போடு கால் கிலோ கோழியை மூன்று டம்ளர் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவைத்து, கறியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். வாயகன்ற வடைச்சட்டியில் எண்ணெய் விட்டு, ஆறேழு பல் பூண்டு நசுக்கிப் போட்டு, பொன்னிறமாகும்போது வெங்காயம், பிறகு கோழி, பிறகு நீளவாக்கில் நறுக்கிய கேரட், பீன்ஸ், கடைசியில் கோஸ். காய் நறுக்கென்று இருக்கும்போதே வழித்துத் தனியே எடுத்துவிடுங்கள். அதே சட்டியில் கோழித் தண்ணீர் இரண்டரை டம்ளர், சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள். கொதி வந்ததும் ஊறிய நூடுல்ஸைப் போட்டு இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள், கிண்டாதீர்கள். நூல் அந்தச் சாற்றையெல்லாம் குடித்துவிடும். ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. சட்டி வறண்டதும் காயையும் கறியையும் திரும்பக் கொட்டிப் புரட்டி இறக்குங்கள். அவர்கள் 'கலமான்சி' என்கிற குட்டிப் பழத்தைப் பிழிவார்கள், நமக்கு எலுமிச்சை. மீன் சாஸும் ஊற்றுவார்கள்; கருவாட்டு வாசனை பிடிக்கிறவர்கள் அரைக் கரண்டி ஊற்றிப் பாருங்கள், மற்றவர்கள் விட்டுவிடுங்கள். சைவக்காரர்கள் கோழிக்குப் பதில் காளானைப் போட்டு, காளான் வெந்த தண்ணீரை ஊற்றலாம். நான் சொல்வது நிஜக் காளான்.

நம் ஊர் பாக்கெட் சேவையில் செய்யலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அது ஏற்கெனவே வெந்து காய்ந்தது, கோழித் தண்ணீரில் போட்டால் குழைந்துவிடும். அட்டையில் போட்டபடி வெந்நீரில் வைத்து வடித்து, ஆறவிட்டு, கடைசியில் அரை டம்ளர் சாறு மட்டும் தெளித்துப் புரட்டுங்கள். மிஞ்சிய சந்தகையிலும் இதே முறைதான். நேற்றுப் பிழிந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, புதுசு உடைந்துவிடும்.

நாத்தனார் மகளே, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். அழித்த படத்தை எனக்குத் தனியாக அனுப்பு. கமெண்டில் நான் போடுகிறேன்.